நெட்எம்: நெடுநாள் பயன்படுத்தியபின் ஒரு புகழும் ஒரு பெரிய புகாரும்

வாய்ஸ் கால் ஆப் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், மோசமான வைஃபையையும் மோசமான 4ஜியையும் மேஜையிலேயே உண்டாக்கிச் சோதிக்க, நெட்வொர்க் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸின் நெட்எம் என்ற கருவி போதுமா என்று கேட்டிருந்தார். வருடக்கணக்கில் அதை அன்றாடம் பயன்படுத்துகிறவன் நான். “போதும்” என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். மனம் வரவில்லை. “போதாது” என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நெட்எம்மை இயக்கும் டிசி கட்டளையில் தாமதம், இழப்பு, வேகம் ஆகியவற்றை எப்படிக் கொடுப்பது என்பது தெரிந்தவர்களுக்காக எழுதுவது இது. அந்த அடிப்படைகளுக்குள் போகவில்லை.

என் அமைப்பு எளிமையானது. இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. இரண்டையும் பிரிட்ஜாக இணைத்து, ஒரு பக்கம் இணையம், மறுபக்கம் சோதனைக்கென்றே வைத்திருக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட். போன்கள் எல்லாம் அதில் ஏறும். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மட்டும்தான் தொடும் என்பதால், ஒரு போர்ட்டில் அப்லோடுக்கு ஒரு விதி, இன்னொன்றில் டவுன்லோடுக்கு ஒரு விதி. தனிப் பெட்டி எதற்கு, சர்வரிலேயே நெட்எம் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு அதன் கையேட்டிலேயே பதில் இருக்கிறது. பாக்கெட் அனுப்பும் அதே கம்ப்யூட்டரில் இழப்பை உண்டாக்கினால் அந்த இழப்பு, பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற மேலடுக்குக்கு உடனே தெரிந்துவிடும். அது சத்தமில்லாமல் திரும்ப அனுப்பிவிடும், இழப்பே நடக்காதது போல எல்லாம் ஓடும். இந்த ஒரு வரியைப் படிக்காமல் எடுத்த சோதனை முடிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீபன் ஹெமிங்கர் 2005-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை இது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் கூடவே வரும், லைசென்ஸ் கட்டணம் கிடையாது, தனியாக இறக்க வேண்டியதும் இல்லை. என் பெட்டி மாதக்கணக்கில் அணையாமல் ஓடும். நெட்எம்மால் அது ஒருமுறைகூட விழுந்ததில்லை. 150 மில்லி செகண்ட் நிலையான தாமதம் வேண்டும் என்றால் 150 மில்லி செகண்டேதான் கிடைக்கும். தொலைதூர சர்வர், நிலையான கம்பி இணைப்பு, குறுகிய பேண்ட்வித் ஆகியவற்றைக் காட்ட இதைவிட நம்பகமான கருவியை நான் தொட்டதில்லை. புதிய கெர்னல்களில் சீட் (seed) எண், அதாவது தற்செயல் எண்களுக்கான தொடக்க எண், கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. அதே எண்ணைக் கொடுத்தால் இழப்புகள் அதே வரிசையில் திரும்ப வரும். நேற்று விழுந்த பிழையை இன்று மறுபடி விழவைக்க முடிகிறது என்றால் சோதனை செய்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, இனி புகார். ஜிட்டர், அதாவது தாமதம் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏறி இறங்குவது.

தாமதம் 100 மில்லி செகண்ட், ஜிட்டர் 30 என்று கொடுக்கிறீர்கள். நெட்எம் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 70-லிருந்து 130-க்குள் ஒரு எண்ணைத் தனித்தனியாக எடுக்கிறது. அதற்கு முன்னால் போன பாக்கெட் என்ன எண் வாங்கியது என்பது இந்தப் பாக்கெட்டுக்குத் தெரியாது. அரை மில்லி செகண்ட் இடைவெளியில் வந்த இரண்டு பாக்கெட்டுகளில் முதலாவது 125 வாங்கும், இரண்டாவது 75 வாங்கும். உள்ளே இருக்கும் வரிசை புறப்படும் நேரத்தைப் பார்த்து அடுக்கப்படுவது. ஆகவே இரண்டாவது முதலில் போய்விடும். கொஞ்சம் வேகமான டவுன்லோடை இதன் வழியே விட்டு, பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கில் பாருங்கள். பாக்கெட்டுகள் சீட்டுக்கட்டைக் குலுக்கியது போல இறங்கும். நாம் கேட்டது தாமதத்தில் ஏற்ற இறக்கம். கிடைத்தது வரிசை குலைவு.

வயர்லெஸ்ஸில் இப்படி நடப்பதே அரிது. 802.11என் (802.11n) என்ற தரம் வந்த காலத்திலிருந்து வைஃபை பல பாக்கெட்டுகளை ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்புகிறது. அதில் எது வந்து சேரவில்லையோ அதை மட்டும் திரும்ப அனுப்பும். இடையில் ஒன்று குறைந்தால், அது வரும்வரை பின்னால் வந்தவற்றைப் பெறும் முனை பிடித்து வைத்திருந்து, வரிசையாக மேலே கொடுக்கும். 4ஜியின் தொழில்நுட்பமான எல்டிஇயிலும் அப்படித்தான். கெட்டுப்போன துண்டு சுமார் 8 மில்லி செகண்டில் திரும்ப அனுப்பப்படும். அதற்கும் மேலே உள்ள அடுக்கு வரிசையைச் சரிசெய்து கொடுக்கும். ரயில்வே கேட் மூடித் திறந்தால் நின்ற வண்டிகள் எல்லாம் வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் பாயுமே, காற்றில் பாக்கெட்டுகள் தாமதப்படுவது அப்படி. கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது, பிறகு எல்லாம் சேர்ந்து வரும்.

இந்த வித்தியாசம் படிப்பதற்குச் சின்னதாகத் தெரியலாம். ஆப்பின் நடத்தை தலைகீழாக மாறுகிறது. வரிசை குலைந்தால் டிசிபி அதை இழப்போ என்று சந்தேகிக்கும். வேகத்தைக் குறைக்கும், தேவையில்லாமல் திரும்ப அனுப்பும். நிஜ வைஃபையில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அங்கே பிரச்சினை, அரை செகண்ட் மௌனத்துக்குப் பின் ஒரேயடியாகக் கொட்டும் பாக்கெட்டுகளை, வந்ததைச் சேர்த்து வைத்துச் சீராக ஒலிக்கவிடும் ஜிட்டர் பஃபர் எப்படித் தாங்குகிறது என்பது. நெட்எம்மின் ஜிட்டரை வைத்துச் சோதித்தால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்போம், இருக்கிற நோயைக் கவனிக்கவே மாட்டோம். எங்கள் குழுவில் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் “நம் ஆப் மோசமான நெட்வொர்க்கில் தடுமாறுகிறது” என்று வரைபடத்தோடு வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது நெட்எம் உண்டாக்கிய வரிசை குலைவு. இத்தனை வருடம் கழித்தும் இதைத் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் எரிச்சலின் பெரும்பகுதி.

இதற்குத் தீர்வு உண்டு என்று பழைய குறிப்புகள் சொல்லும். நெட்எம்மின் கீழே பிஃபிஃபோ என்ற சாதாரண வரிசையைச் செருகினால் குலைவு நிற்கும் என்பார்கள். ஒரு காலத்தில் நின்றது. இப்போதுள்ள கெர்னல்களில் நெட்எம் முதலில் தன் உள்வரிசையில் நேரப்படி அடுக்கிவிட்டு, பிறகுதான் கீழே உள்ளதற்குக் கொடுக்கிறது. கலைந்த பிறகு வரிசையில் நிறுத்தி என்ன பயன்? இன்னொரு வழி, வேகத்தையும் சேர்த்துக் கொடுப்பது. ரேட் கொடுத்தால் எந்தப் பாக்கெட்டும் தனக்கு முன்னால் நிற்பதைத் தாண்டாது. வரிசை நிலைக்கும். ஆனால் அப்போது நீண்ட தாமதம் வாங்கிய ஒரு பாக்கெட் தன் பின்னால் வரும் அத்தனையையும் பிடித்து நிறுத்திவிடும். பாக்கெட்டுகள் நெருக்கமாக வரும்போது எல்லாமே மேல் எல்லையை ஒட்டியே போகும். நீங்கள் கேட்டது 100-ஐச் சுற்றி ஆடும் தாமதம், கிடைப்பது 130-ஐ ஒட்டி நிற்கும் தாமதம். இது எந்தக் கையேட்டிலும் தடித்த எழுத்தில் இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளந்து பார்ப்பது பற்றிச் சொல்லும்போது, நிஜக் காற்றை அளந்து அதை நெட்எம்முக்கு ஊட்டினால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். அதற்கும் வசதி இருக்கிறது. பிங் நேரங்களை, அதாவது ஒரு பாக்கெட் போய்வர ஆகும் நேரங்களைச் சேகரித்து, கூடவே வரும் மேக்டேபிள் என்ற சிறு நிரல் வழியாகப் பரவல் அட்டவணை ஒன்றைச் செய்துகொள்ளலாம். நார்மல், பரேட்டோ என்று ஆயத்த அட்டவணைகளும் உண்டு. ஆர்வமாகச் செய்தேன். எத்தனை சதவீதம் பாக்கெட்டுகள் 20 மில்லி செகண்டுக்குள், எத்தனை 200-ஐத் தாண்டியவை என்ற கணக்கு அச்சு அசலாக ஒத்துப்போனது. ஆனால் நிஜத்தில் அந்த 200-கள் எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக வந்தவை. நெட்எம் அவற்றை எல்லா இடத்திலும் தூவிவிட்டது. மொத்தக் கணக்கு சரி, நடந்த கதை தவறு.

இழப்பிலும் அதே குறை. வெறும் சதவீதம் கொடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டும். அதோடு கோரிலேஷன் (ஓர் இழப்பை அதற்கு முந்தையதோடு தொடர்புபடுத்துவது) சேர்க்கும் வசதி சரியாக நடந்துகொள்ளவில்லை என்று கையேடே ஒதுக்கிவைத்துவிட்டது. அதற்குப் பதில் கில்பர்ட்–எலியட் மாதிரி இருக்கிறது. 1960-இல் கில்பர்ட்டும் 1963-இல் எலியட்டும் கொடுத்த பழைய யோசனை: இணைப்பு நல்ல நிலை, கெட்ட நிலை என்று இரண்டுக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். கெட்ட நிலைக்குப் போகும் வாய்ப்பு 1 சதவீதம், மீளும் வாய்ப்பு 30 சதவீதம் என்று கொடுத்தால் மொத்த இழப்பு சுமார் 3.2 சதவீதம் வரும், ஒவ்வொரு தடவையும் சராசரியாக மூன்றுக்குச் சற்று மேல் பாக்கெட்டுகள் சேர்ந்தாற்போல் விழும். வெறும் சதவீதத்தைவிட எவ்வளவோ மேல். இதை வைத்து நல்ல பிழைகளைப் பிடித்திருக்கிறேன்.

ஆனால் நிலை மாறுவது பாக்கெட் வரும்போது மட்டும்தான். 20 மில்லி செகண்டுக்கு ஒன்று அனுப்பும் வாய்ஸ் காலுக்கு அந்த மூன்று பாக்கெட் என்பது 60 மில்லி செகண்ட் இருட்டு. செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் பாக்கெட் அனுப்பும் டவுன்லோடுக்கு அதுவே ஓரிரு மில்லி செகண்ட். நிஜத்தில் யாரோ கதவை மூடினார்கள், சிக்னல் மங்கியது என்றால் அது இரண்டுக்கும் ஒரே அளவு நேரம்தான் நீடிக்கும். ஆப் அமைதியாக இருக்கும்போது நெட்எம்மின் கெட்ட நிலையும் அப்படியே உறைந்து நிற்கும், அடுத்த பாக்கெட்டுக்காகக் காத்துக்கொண்டு. என் புகார் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் வந்து சேர்கிறது. காற்றில் எல்லாம் நேரத்தில் நடக்கிறது. நெட்எம் எல்லாவற்றையும் பாக்கெட் கணக்கில் நடத்துகிறது.

அளப்பதிலேயே இந்த நேரம் என்கிற விஷயம் எப்படி ஆளை ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். மேஜையில் சும்மா கிடக்கும் போனுக்கு, ஆக்சஸ் பாயின்ட் பக்கத்திலிருந்து செகண்டுக்கு ஒரு பிங் அனுப்புங்கள். நூறு மில்லி செகண்டும் அதற்கு மேலும் காட்டும். அதே போனுக்கு செகண்டுக்கு ஐம்பது அனுப்புங்கள், சில மில்லி செகண்டில் பதில் வரும். சிக்னல் மாறவில்லை, தூரம் மாறவில்லை. போன் பேட்டரியைச் சேமிக்க ரேடியோவைத் தூங்கவைத்து, ஆக்சஸ் பாயின்ட் விட்டுவிட்டு அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்பு வரும்போது எழுந்து பார்க்கிறது. பெரும்பாலான ஆக்சஸ் பாயின்ட்டுகளில் பீக்கன் இடைவெளி 102.4 மில்லி செகண்ட். அடிக்கடி பேச்சுக்கொடுத்தால் ரேடியோ தூங்குவதில்லை. மொபைல் நெட்வொர்க்கிலும் இதே கதைதான். 3ஜியில் சும்மா இருந்த இணைப்பு எழுந்து நிற்கவே சுமார் 2 செகண்ட் ஆகும், எல்டிஇ அதைப் பெருமளவு குறைத்தது. ஆகவே “இந்த வைஃபையின் லேட்டன்சி (தாமதம்) எவ்வளவு?” என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. எப்படிக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

சுமை ஏற்றாமல் எடுத்த அளவையும் நான் நம்புவதில்லை. இணைப்பை நிரப்பி வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓடும்போதே பக்கத்தில் பிங்கும் ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டி வரைபடமும் போட்டுத்தரும் ஃபிளென்ட் என்ற கருவி எனக்குப் பிடித்தமானது. வரிசைகள் அளவுக்கு மீறி நிரம்பித் தாமதத்தைக் கூட்டும், ஜிம் கெட்டிஸ் பஃபர்புளோட் என்று பெயர் வைத்த வீக்கம் அந்த வரைபடத்தில் கண்ணாடி மாதிரி தெரியும். ஐபெர்ஃப்3-ஐ யுடிபிக்கு (டிசிபி போல, இழந்ததைத் திரும்ப அனுப்பாத முறை) பயன்படுத்துகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். வேகத்தை நீங்கள் சொல்லாவிட்டால் அது வெறும் 1 எம்பிபிஎஸ்தான் அனுப்பும். “யுடிபி பிரமாதமாகப் போகிறது, இழப்பே இல்லை” என்று சொல்லப்படும் முடிவுகளில் ஒரு பங்கு இப்படி வந்தவை. லினக்ஸ் லேப்டாப் என்றால் வைஃபை விவரங்களைக் காட்டும் ஐடபிள்யூ கட்டளையின் ஸ்டேஷன் டம்ப்பையும் எடுத்துவையுங்கள். எத்தனை தடவை திரும்ப அனுப்பப்பட்டது, கடைசியில் எத்தனை கைவிடப்பட்டது என்று அதில் இருக்கும். முதல் எண் மளமளவென்று ஏறும், இரண்டாவது எண் அசையவே அசையாது. வயர்லெஸ் தன் இழப்பையெல்லாம் தாமதமாக மாற்றிக் கொடுக்கிறது என்பதற்கு அதைவிட நேரடி சாட்சி கிடையாது. சோதனைத் திட்டத்தில் “5 சதவீத இழப்பு” என்று எழுதுவதற்கு முன் எல்லோரும் ஒருமுறை அந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த எரிச்சலின் நடுவேதான் மஹிமஹி என்ற இன்னொரு கருவி கைக்கு வந்தது. எம்ஐடியில் உருவானது, 2015-இல் வெளியான கட்டுரை. இன்றும் அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. அது சதவீதமே கேட்பதில்லை. ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கேட்கிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு மில்லி செகண்ட் எண். அந்த நேரத்தில் 1500 பைட் உள்ள ஒரு பாக்கெட் போகலாம் என்று பொருள். ஒவ்வொரு மில்லி செகண்டுக்கும் ஒரு வரி இருந்தால் 12 எம்பிபிஎஸ். ஒரே எண் மூன்று தடவை வந்தால் அந்தக் கணத்தில் மூன்று பாக்கெட் போகலாம். 4,210-க்கு அடுத்த வரி 5,630 என்று இருந்தால், ஒன்றே கால் செகண்டுக்கும் மேலாக எதுவும் போக முடியாது. நிஜ எல்டிஇ இணைப்பில் பதிவான இப்படிப்பட்ட ஃபைலை, அதாவது டிரேஸை, எடிட்டரில் திறந்து கீழே உருட்டிக்கொண்டே போனால் நெட்வொர்க் மூச்சுவிடுவதும் மூச்சடைப்பதும் எண்களிலேயே தெரியும். கூடவே வேகத்தையும் தாமதத்தையும் ஓடஓட வரைந்து காட்டும் ஜன்னல் ஒன்றும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை மறந்துவிடும்.

டிரேஸ் எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பதும் அழகு. இணைப்பை எப்போதும் நிரம்பி வழியவைத்து, போய்வரும் நேரம் 750 மில்லி செகண்டுக்குக் கீழே இறங்காமலும் 3000-ஐத் தாண்டாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரிய வரிசை எப்போதும் காத்திருந்தால், ஒரு கணம் எதுவும் வரவில்லை என்பதற்குக் காரணம் அனுப்பாதது இல்லை, காற்றுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். 2013-இல் ஸ்பிரவுட் ஆய்வுக்காக கீத் வின்ஸ்டைன் குழுவினர் செய்த முறை இது. அதே முறையில் நாங்களும் சொந்தமாகச் சில டிரேஸ்கள் எடுத்து வைத்திருக்கிறோம்.

அதில் ஒன்றுதான் எங்கள் வாய்ஸ் ஆப்பின் பழைய நோயைக் கண்டுபிடித்தது. நெட்எம்மில் 2 சதவீத இழப்பு, 50 மில்லி செகண்ட் ஜிட்டர் எல்லாம் கொடுத்தும் ஆப் தெளிவாகப் பேசியது. பயனர்களோ “கொஞ்ச நேரம் கழித்து எதிரில் இருப்பவர் தாமதமாகப் பதில் சொல்கிறார்” என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். டிரேஸை ஓட்டியதும் புரிந்தது. ஒரு செகண்டுக்கு மேல் நீண்ட தடை வந்ததும் ஜிட்டர் பஃபர் வீங்குகிறது, தடை நீங்கிய பிறகு சுருங்க மறுக்கிறது. அதன்பின் அழைப்பு முழுவதும் அந்தக் கூடுதல் தாமதத்தோடுதான். பாக்கெட் பாக்கெட்டாகச் சுண்டும் நாணயத்தால் அப்படி ஒரு தடையை எந்தக் காலத்திலும் உண்டாக்கியிருக்க முடியாது.

இவ்வளவு பிடித்திருந்தும் மஹிமஹி என் மேஜையின் நடுவில் இல்லை. அது தன் ஷெல்லுக்குள் ஓடும் நிரல்களுக்காகக் கட்டப்பட்டது. லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடும் கிளையன்ட் என்றால் பிரமாதம். கையில் இருக்கும் போனை அதற்குள் அனுப்புவது சுற்றுவழி. டிரேஸும் உங்களுக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாது. நீங்கள் குறைவாக அனுப்பினால் நிஜக் காற்று வேறு மாதிரி நடந்துகொண்டிருக்கும், டிரேஸ் பதிவான நாளின் நிலையையே திரும்பச் சொல்லும். முடிந்ததும் முதலிலிருந்து சுழலும் என்பதால் குட்டி டிரேஸை வைத்து நீண்ட சோதனை செய்தால் அதே தடை தாளம் தவறாமல் வந்துகொண்டிருக்கும். வரிசைக்கு எல்லை நீங்கள் கொடுக்காவிட்டால் அது முடிவில்லாமல் வளரும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், நல்ல வைஃபையின் நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஒரே மில்லி செகண்டில் ஐம்பது வரிகள் வேண்டும். அதற்கென்று இது செய்யப்படவில்லை.

ஆகவே போன் சோதனைக்கு மறுபடி நெட்எம் பெட்டிதான். அங்கே எனக்கு எதிர்பாராத ஆறுதல் கொடுத்தது ஸ்லாட் என்ற விருப்பம். கையேட்டில் சில வரிகள்தான் இருக்கும், பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை. வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து, குறைந்தபட்ச இடைவெளி, அதிகபட்ச இடைவெளி என்று நீங்கள் சொன்னதற்குள் ஒரு கணத்தில் திறந்துவிடும். ஒரு திறப்பில் எத்தனை பாக்கெட், எத்தனை பைட் போகலாம் என்றும் சொல்லலாம். வைஃபை, கேபிள் மோடம், எல்டிஇ போல முறை வாங்கிப் பேசும் இணைப்புகளுக்காகவே சேர்க்கப்பட்டது. ஜிட்டரைச் சுழியாக்கி, தாமதத்தை நிலையாக வைத்து, ஏற்ற இறக்கம் முழுவதையும் ஸ்லாட்டிடம் விட்டுவிட்டால் வரிசை குலையாது, பாக்கெட்டுகள் கட்டுக்கட்டாக வரும். டிரேஸ் அளவுக்கு நிஜம் இல்லை. ஆனால் இந்தக் கருவிக்குள்ளேயே நேரத்தை மதிக்கும் ஒரு மூலை இருக்கிறது என்று கண்டபோது கோபம் பாதி தணிந்தது. மீதிப் பாதி, இதை இவ்வளவு மறைவாக வைத்திருக்கிறார்களே என்பதில்.

இரண்டு தொழில்நுட்ப எச்சரிக்கைகள். நெட்எம் ஒரே நேரத்தில் 1000 பாக்கெட்டுகளைத்தான் இயல்பாகப் பிடித்து வைக்கும். 100 எம்பிபிஎஸ் ஓட்டத்தில் 200 மில்லி செகண்ட் தாமதம் கேட்டால் சுமார் 1,670 பாக்கெட்டுகள் உள்ளே நிற்க வேண்டும். மிச்சம் எல்லாம் விழும், நீங்கள் கேட்காத இழப்பாக. லிமிட்டைக் கூட்டிக் கொடுங்கள். இரண்டாவது, நெட்வொர்க் கார்டும் கெர்னலும் சேர்ந்து பல பாக்கெட்டுகளை ஒட்டி 64 கிலோபைட் வரை ஒரே பெரிய பாக்கெட்டாக்கும் வழக்கம். நெட்எம்முக்கு அது ஒரே பாக்கெட். ஒன்றை வீழ்த்தினால் நாற்பதுக்கும் மேல் போய்விடும். நெட்வொர்க் கார்டு அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் வழியாக, இப்படி ஒட்டும் வசதிகளான டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ, ஜிஆர்ஓ மூன்றையும் அணைத்துவிட்டுத்தான் எதையும் அளக்க வேண்டும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. குரோமின் டெவலப்பர் கருவியில் உள்ள வேகக் குறைப்பு சாதாரண வலைப்பக்கங்களுக்குப் பாக்கெட் அளவில் நடப்பதில்லை. பக்கம் மெதுவாக ஏறினால் எப்படித் தெரியும் என்று பார்க்க உதவும். வலைப்பக்கங்களை மதிப்பிடும் கூகுளின் லைட்ஹவுஸ் சொல்லும் “மெதுவான 4ஜி” என்பது 1.6 எம்பிபிஎஸ், 150 மில்லி செகண்ட் என்ற அசையாத இரண்டு எண்கள். ஒப்பீட்டுக்கு நல்லது, அதை 4ஜி என்று நம்பிவிடக் கூடாது. ஆப்பிளின் நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் போனிலேயே இருப்பதால் கைக்கு வசதி. டாக்ஸிபிராக்ஸி என்ற இடையாள் நிரல் டிசிபிக்கு மேலே உட்காருவதால் பாக்கெட் இழப்பைக் காட்டவே முடியாது. சர்வர் பாதியில் துண்டித்தால் என்ன ஆகும் என்று பார்க்க அதை விட்டால் ஆள் இல்லை.

ரூமிங் (ஓர் ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது), சிக்னலுக்கேற்ப ரேடியோ வேகத்தை மாற்றிக்கொள்வது, ஒரே சேனலில் மெதுவான ஒரு சாதனம் எல்லோருடைய நேரத்தையும் தின்பது ஆகியவற்றை எந்த நெட்எம்மாலும் காட்ட முடியாது. கடைசியாகச் சொன்னதை 2003-லேயே ஹியூஸும் உடன் ஆய்வாளர்களும் அளந்து காட்டிவிட்டார்கள். 1 எம்பிபிஎஸ்ஸில் பேசும் ஒருவர் 11-இல் பேசுகிறவர்களையும் தன் நிலைக்கு இழுத்துவிடுவார். இவற்றுக்கெல்லாம் அலை புகாத பெட்டியும் சிக்னலை டெசிபல் டெசிபலாகக் கூட்டிக் குறைக்கும் அட்டென்யுவேட்டரும் வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும் என்பதால், விலகி நடந்துபோகும் ஒருவரை நாற்காலியில் இருந்தபடியே உண்டாக்கலாம். மென்பொருளிலேயே வேண்டும் என்றால் கெர்னலின் போலி வைஃபை ரேடியோக்களும் அவற்றுக்கு நடுவில் காற்றாக நடிக்கும் டபிள்யூமீடியம்டியும் உண்டு. நேரலை ஊடகத்துக்கான நெரிசல் கட்டுப்பாட்டைச் சோதிக்க ஆர்எஃப்சி 8867 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இருக்கும்போது, வயர்லெஸ்ஸுக்கென்று 2021-இல் ஆர்எஃப்சி 8869 தனியாக வெளியானது. வாய்ஸ் ஆப் செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இனி தீர்ப்பு. இவ்வளவு புகழ்ந்த பிறகும், என் பெட்டி நாளையும் ஓடும் என்று தெரிந்தும், வயர்லெஸ் சோதனைக்கு முதல் கருவியாக நெட்எம்மை நான் பரிந்துரைக்கவில்லை. போன வருடம் கேட்டிருந்தால் ஐந்துக்கு நான்கு கொடுத்திருப்பேன். இன்று இரண்டு. இந்த வாரமும் ஒரு நல்ல திருத்தம், அதே ஜிட்டர் வரைபடத்தை ஆதாரமாகக் காட்டி நிராகரிக்கப்பட்டதைப் பார்த்த கோபம் இதில் இருக்கிறது. அந்தக் கோபம் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. வரிசை குலையாத ஜிட்டருக்கு ஒரு ஸ்விட்ச், நேரத்தில் நகரும் கில்பர்ட்–எலியட், இந்த இரண்டும் வந்தால் ஐந்தும் கொடுக்கிறேன்.

அதுவரை, பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் ஜிட்டர் என்ற எண்ணைக் கட்டளையிலிருந்து எடுத்துவிடுங்கள். நிலையான தாமதம், தேவையான ரேட், சில மில்லி செகண்டிலிருந்து சில பத்து மில்லி செகண்ட் வரை ஸ்லாட், ஒரு சதவீதத்துக்கும் குறைவான இழப்பு. அதோடு சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் இழப்பை ஓரிரு செகண்ட் 100 சதவீதமாக்கித் திரும்ப இறக்குங்கள். அந்த ஓரிரு செகண்டில் வெளிவரும் பிழைகளைத் திருத்தவே பல வாரம் ஆகும்.